முடி நிறத்தை மாற்றும் முன்: காரணம் முதலில், டப்பா அப்புறம்

நிறம் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். பேச்சு முழுக்க அந்தப் படத்தைச் சுற்றியே ஓடும். ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வம்பளப்பது போல ஆகிவிடுமோ என்று கூச்சம். ஆனால் எந்த டெவலப்பர் (டையோடு கலக்கும் பெராக்சைடு), எத்தனை நிமிடம், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் காரணம்தான். நரையை மறைக்க நினைப்பவர், புது வேலைக்கு முன் தோற்றத்தை மாற்ற நினைப்பவர், ஒரு உறவு முடிந்த கையோடு வருகிறவர் மூவரும் ஒரே பழுப்பு நிறத்தைக் காட்டலாம். மூன்று தலைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல.

காரணத்தைக் கொஞ்சம் தோண்டினால் முக்கால்வாசி நேரம் அடியில் கிடப்பது மற்றவர்களின் கண். கருப்பு என்றால் ஒழுங்கு, வெள்ளை என்றால் கிழடு, பொன்னிறம் என்றால் மண்டை காலி, சிவப்பு என்றால் முன்கோபம், நீலம் பச்சை என்றால் அடங்காப்பிடாரி. இந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து படித்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

இவற்றுக்கு முடியில் ஆதாரம் ஏதும் உண்டா என்று பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. மனித முடியின் அத்தனை நிறங்களும் இரண்டு நிறமிகளின் கலவை. யூமெலனின் கருப்பும் பழுப்பும் தருகிறது, ஃபியோமெலனின் சிவப்பும் மஞ்சளும் தருகிறது. இயற்கையான சிவப்பு முடி உலக மக்களில் 1 முதல் 2 சதவீதம் பேருக்குத்தான் உண்டு. அதற்குக் காரணமான எம்சி1ஆர் மரபணு மாற்றம் 1995ல் அடையாளம் காணப்பட்டது. கோபத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் நிறுவப்படவில்லை. செம்முடிக்காரர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாக வேண்டும் என்ற பேச்சு வேறு சங்கதி: செம்முடிப் பெண்கள் பத்துப் பேருக்கு, கருமுடிப் பெண்கள் பத்துப் பேரைவிட 19 சதவீதம் கூடுதல் மயக்க வாயு தேவைப்பட்டதாக 2004ல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

பொன்முடிக்காரிகள் மந்தபுத்தி என்ற நகைச்சுவைக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 1980ல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எழுதிய தேர்வு மதிப்பெண்களை எடுத்து, வெள்ளைக்காரப் பெண்களை முடி நிறத்தின்படி பிரித்துப் பார்த்த ஆய்வு 2016ல் வெளிவந்தது. சராசரி ஐக்யூ பொன்முடிக்கு 103.2, பழுப்புக்கு 102.7, சிவப்புக்கு 101.2, கருப்புக்கு 100.5. இந்த வித்தியாசங்கள் புள்ளியியல்படி கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கே இல்லை. பொன்முடி என்றாலே ஐரோப்பா என்று நினைப்பதும் தப்பு. சாலமன் தீவுகளில் கருந்தோல் கொண்ட மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே பொன்முடி. அதன் மரபணு மாற்றம் ஐரோப்பியர்களுடையது அல்ல, தனியாகத் தோன்றியது என்று 2012ல் தெரியவந்தது.

ஆதாரம் இல்லை என்பதால் விளைவு இல்லாமல் போய்விடாது. ஜப்பானில் ஒசாகா மாகாணத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று, பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட மாணவியைக் கருப்பு டை அடித்துக்கொண்டு வரும்படி கட்டாயப்படுத்தியது என்று 2017ல் வழக்கு வந்தது. திரும்பத் திரும்ப அடித்துத் தோலும் முடியும் கெட்டது என்பது அவர் தரப்பு. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் 3,30,000 யென் இழப்பீடு கிடைத்தது, ஆனால் முடி நிறம் பற்றிய பள்ளி விதி நியாயமானதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கனடாவில் சிடிவி தொலைக்காட்சியின் முதன்மைச் செய்தி வாசிப்பாளராக இருந்த லீசா லாஃப்ளாம், கோவிட் காலத்தில் டை அடிப்பதை விட்டுவிட்டு நரையோடு திரையில் வந்தார். 2022ல் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டபோது அது வணிக முடிவு என்றது நிறுவனம். நரைதான் காரணமோ என்ற விவாதம் நாடு முழுக்க எழுந்தது. ஆகவே வேலைக்காக டை அடிக்கிறேன் என்பவரைப் பார்த்து, ‘அடுத்தவனுக்காக ஏன் வாழ்கிறாய்’ என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. அவருக்குத் தேவை உபதேசம் அல்ல, மூன்று வாரம் நிற்கிற டை.

சரி, காரணத்தை எப்படிப் பயன்படுத்துவது? மூன்று கேள்வி போதும். இந்த நிறம் எத்தனை நாள் தலையில் இருக்க வேண்டும்? வளர்ந்து வரும் அடிமுடியை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கவனிக்க முடியும்? பிடிக்காவிட்டால் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டியிருக்குமா? முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்கிறது. கருமுடிக்காரர் வேரிலிருந்து வெளிர்ப்பொன்னிறம் போட்டால் ஒரே மாதத்தில் ஒரு விரலகலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கருப்புப் பட்டை தெரியும். அதைத் தாங்க முடியாதவருக்கு வேரைத் தொடாமல் நடுவிலிருந்து நுனி வரை மட்டும் வெளுக்கும் முறைதான் சரி. அதை ஆறு மாதம் கவனிக்காமல் விட்டாலும் கோரமாக இருக்காது. மனக்கொதிப்பில் வருகிறவருக்கு முதல் தடவை டெவலப்பர் இல்லாத, கழுவக் கழுவப் போகும் செமி-பெர்மனன்ட் நிறம் போதும். ஆறு முதல் பன்னிரண்டு தடவை தலை அலசினால் போய்விடும். அதற்குள் கொதிப்பும் அடங்கியிருக்கும், அடங்கவில்லை என்றால் அப்போது பெரிய வேலையை யோசிக்கலாம்.

கிண்ணத்துக்குள் நடப்பது

தொழிலில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை லெவலாகச் சொல்வார்கள். 1 கருப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 3 சதவீதம் (10 வால்யூம்) நிறத்தைப் படிய மட்டும் வைக்கும். 6 சதவீதம் (20 வால்யூம்) ஒன்று இரண்டு லெவல் தூக்கும், நரைக்கும் அதுதான். 9 சதவீதம் இரண்டு மூன்று லெவல். 12 சதவீதம் மூன்று நான்கு லெவல். அதை வீட்டில் கையாள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முடியை வெளுக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் சூடான நிறங்கள் வரிசையாக வெளியே வரும். 4ல் சிவப்பு, 5ல் செம்மஞ்சள் கலந்த சிவப்பு, 6ல் ஆரஞ்சு, 7ல் மஞ்சள் ஆரஞ்சு, 8ல் மஞ்சள், 9ல் வெளிர்மஞ்சள், 10ல் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற நிறம். ‘எனக்கு மட்டும் ஏன் ஆரஞ்சாக வருகிறது’ என்ற புலம்பலுக்கு விடை இதுதான். எல்லாருக்கும் ஆரஞ்சு வரும். சிலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விதி, டப்பா அட்டையைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு: டைக்கு மேல் போட்ட டை வெளுக்காது. ஏற்கெனவே கருப்பு டை அடித்த தலையில் ‘நடுப்பழுப்பு’ டப்பாவைப் போட்டால், புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பழுப்பாகும், மிச்சமெல்லாம் கருப்பாகவே இருக்கும். பளபளக்கும் வேர், இருண்ட நுனி. இதைச் சரிசெய்ய செயற்கை நிறத்தைக் கரைக்கும் கலர் ரிமூவரோ பிளீச்சோதான் வழி. அட்டையில் இருக்கும் பெண்ணின் முடி எந்த லெவலிலிருந்து தொடங்கியது என்று பார்க்க, டப்பாவின் பின்பக்கத்தில் ‘முன்-பின்’ சதுரங்கள் அச்சடித்திருப்பார்கள். முன்பக்கத்தை மறந்துவிட்டு அதைப் பாருங்கள்.

நரைக்கு

நரை முடியில் நிறமி இல்லை. முடியிழையை மூடியிருக்கும் மேலுறைச் செதில்கள் பல தலைகளில் இறுக்கமாகப் படிந்திருக்கும், டை உள்ளே போகச் சண்டித்தனம் செய்யும். இங்கே பெரிய தப்பு, ‘பிடிக்கவில்லை’ என்று டெவலப்பரை 9க்கும் 12க்கும் ஏற்றுவது. வீரியம் கூடினால் சுற்றியுள்ள கரிய முடி வெளுத்துச் செம்பட்டையடிக்கும், நரை நரையாகவே கண்ணடிக்கும். நரைக்கு 6 சதவீதமே சரி. கூட்ட வேண்டியது நேரத்தை.

நேரம் ஏன் முக்கியம் என்றால், நிரந்தர டை குழாயிலிருந்து வரும்போது நிறமற்ற சிறு மூலக்கூறுகளாகத்தான் இருக்கிறது. அம்மோனியா செதில்களைத் திறக்கிறது, சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன, பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய நிற மூலக்கூறாக மாற்றுகிறது. பெரிதானதும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. இந்தக் கோர்ப்பு முடிய 30 முதல் 45 நிமிடம் ஆகும். ‘கருப்பாகிவிட்டதே’ என்று இருபதாவது நிமிடத்தில் அலசினால், கோக்கப்படாத பொடி மூலக்கூறுகள் தண்ணீரோடு போய்விடும். இரண்டே வாரத்தில் நரை எட்டிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் டையின் தரம் காரணமில்லை, அவசரம்தான் காரணம்.

அளவு: வேர் மட்டும் என்றால் 30 கிராம் டை போதும். தோள் வரையிலான நடுத்தர அடர்த்தி முடிக்கு 60 கிராம் குழாய் ஒன்று. டெவலப்பர் 1:1 அல்லது 1:1.5, எது என்று குழாயிலேயே எழுதியிருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம், பிளாஸ்டிக் தூரிகை, நைட்ரைல் கையுறை. தலையை நான்காகப் பிரித்து, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். நெற்றியோரமும் காதோரமும்தான் பிடிவாதமானவை, ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள். பாதி நரைத்த தலைக்குச் சிவப்பு, செம்பு, பர்கண்டி மாதிரி ஷேட் ஆசை இருந்தால், சரிபாதி ‘நேச்சுரல்’ ஷேடைக் கலந்தே ஆக வேண்டும். வெறும் பர்கண்டி மட்டும் போட்டால் நரை ரோஜா நிறத்தில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். எதற்கும் மசியாத முன்நெற்றி நரைக்கு, டை பூசும் முன் 6 சதவீத டெவலப்பரை மட்டும் பஞ்சில் தொட்டு ஒற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைத்தெடுத்தால் செதில் கொஞ்சம் இளகும்.

மாதாமாதம் அடிப்பவர்கள் வேர் முதல் நுனி வரை ஒவ்வொரு தடவையும் பூசுவதை விட வேண்டும். பழைய டைக்கு மேல் புது டை ஏறி ஏறி நுனி மசி மாதிரி ஆகிவிடும், ஒளி பட்டாலும் அசையாத, விக் போன்ற கருப்பு. புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசுங்கள். நுனி மங்கலாகத் தெரிந்தால் கடைசி ஐந்து நிமிடம் ஈரச் சீப்பால் இழுத்துவிட்டால் போதும். ‘டை அடித்திருக்கிறார்’ என்று அடுத்தவருக்குத் தெரிந்துபோவதற்குக் காரணம் இந்த மசிக் கருப்புதான். தன் இயற்கை நிறத்தைவிட ஒரு லெவல் வெளிர்ந்த ஷேடை எடுத்தால், வேர் வளரும்போது கோடும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது வெறும் பேச்சு. ஒரு வேர்க்காலில் பிடுங்கியதால் பக்கத்து வேர்க்கால் நரைத்துவிடாது. கவலையால் நரை என்பதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் நோரட்ரினலின், நிறமி தரும் மூலச்செல்களைத் தீர்த்துவிடுகிறது என்று எலிகளில் செய்த ஆய்வு 2020ல் காட்டியது.

வெளுப்பது

விபத்துகள் நடப்பது இங்கேதான். கருப்பு முடியை வெளிர்ப்பொன்னிறமாக்குவது ஒரே நாள் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டு முதல் நான்கு அமர்வு ஆகும், நடுவில் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்.

முதலில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட். காதுக்குப் பின்னால் உள்அடுக்கிலிருந்து பென்சில் தடிமனில் கால்வாசிக்கு ஒரு கற்றையைப் பிரித்து, அடியில் நூலால் கட்டிக்கொள்ளுங்கள். பிளீச் பவுடர் 5 கிராம், 6 சதவீத டெவலப்பர் 10 மில்லி, தயிர் பதத்தில் குழைத்து இரண்டு பக்கமும் பூசி, கீழே ஒரு அலுமினியத் தாள். பத்தாவது நிமிடம் ஈரத்துணியால் ஒரு விரலகலம் துடைத்துப் பார்த்தால் செம்பு நிறம் தெரியும். மறுபடி பூசி மூட வேண்டும். இருபதாவது நிமிடம் ஆரஞ்சு. முப்பத்தைந்தில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. அங்கேயே பத்து நிமிடம் நகராமல் நின்றுவிட்டால், இந்த முடிக்கு இந்த அமர்வில் எல்லை அதுதான். அலசிவிட்டு ஈரமாக இருக்கும்போதே இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கித் திரும்பினால் ஆரோக்கியம். ரப்பர் கணக்காக நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் துவண்டால் உள்ளே புரதம் உடைந்திருக்கிறது, அந்தத் தலையில் பிளீச் வைக்கவே கூடாது. பிறகு உலர்த்திப் பாருங்கள். ஈர முடி நிஜத்தைவிட இருட்டாகக் காட்டும், ஈரத்தில் பார்த்து எடுத்த முடிவு தப்பாகத்தான் போகும்.

டெஸ்டில் தேறினால் முழுத் தலைக்கு. இரண்டு நாள் தலை அலசாமல் இருப்பது நல்லது, தோலின் எண்ணெய்ப்பசை எரிச்சலைக் குறைக்கும். கீறலோ புண்ணோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். பவுடர் ஒன்றுக்கு டெவலப்பர் இரண்டு, அதாவது 30 கிராமுக்கு 60 மில்லி. காற்றோட்டம் கட்டாயம். பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்புகள் ஆஸ்துமாவைத் தூண்டும், ஆகவே பொடி பறக்காமல் கலக்க வேண்டும்.

பூசும் வரிசைதான் எல்லாம். தலைத்தோலின் சூட்டில் வேர்ப்பக்கத்து ஒன்றரை சென்டிமீட்டர் மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். வேரிலிருந்து தொடங்கினால் வேர் வெள்ளையாகவும் நடுப்பகுதி ஆரஞ்சாகவும் நிற்கும். அதனால் வேரை விட்டு நடுப்பகுதிக்கு முதலில், பிறகு நுனிக்கு, நடுப்பகுதி பாதி தூரம் வெளுத்த பிறகே வேருக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மொத்தம் 50 நிமிடத்தைத் தாண்டாதீர்கள், டப்பாவில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். கலவை காய்ந்தால் வேலை நின்றுவிடும், ஈரம் போகாமல் மூடிவையுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று ஹேர் டிரையர் காட்டுவது தலைத்தோலில் கொப்புளத்தில் கொண்டுபோய் விடும். அடுத்த அமர்வில் ஏற்கெனவே வெளுத்த பகுதியின் மேல் பிளீச் ஏறினால் அந்த இடத்தில் முடி ஒடியும். புது வேரும் பழைய வெளுப்பும் சந்திக்கும் கோட்டில் கொத்தாக உதிர்வது இதனால்தான்.

வெளுத்தபின் கிடைக்கும் மஞ்சள், முடிவு அல்ல. அதற்கு மேல் டோனர். ஊதா மஞ்சளை அடக்கும், நீலம் ஆரஞ்சை அடக்கும், பச்சை சிவப்பை அடக்கும். ஆரஞ்சு தலையில் ஊதா ஷாம்புவைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். அது ஆரஞ்சை ஒன்றும் செய்யாது. மஞ்சள் தலையில் நீல அடிப்படை கொண்ட ‘ஆஷ்’ ஷேடைப் போட்டால் பாசி பிடித்த பச்சை வரும். டோனர் நிறத்தைச் சரிக்கட்டும், தூக்காது. 7ல் நிற்கும் முடிக்கு 10க்கான டோனர் போட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. பொதுவாக 10 முதல் 20 நிமிடம், பக்கத்திலேயே நின்று கண்வைத்துக்கொள்ள வேண்டும்.

பொன்முடி சலித்துத் திரும்பக் கருப்புக்கோ பழுப்புக்கோ வருகிறவர்கள், ‘கருமையாக்குவதில் என்ன கஷ்டம்’ என்று நேராகப் பழுப்பு டப்பாவை எடுக்கிறார்கள். வந்து சேர்வது சாம்பல்பச்சை. வெளுக்கும்போது எடுத்துவிட்ட சிவப்பும் ஆரஞ்சும் உள்ளே இல்லை. இயற்கைப் பழுப்புக்கு அடித்தளமே அவைதான். லெவல் 9லிருந்து 5க்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் லெவல் 7 செம்புப் பொன்னிறத்தை 3 சதவீத டெவலப்பரோடு 20 நிமிடம் போட்டு அலசி, அதற்கு மேல் பழுப்பு. அதுவும் விரும்பும் ஷேடைவிட ஒன்று வெளிர்ந்ததாக இருக்கட்டும். பிளீச் பட்ட முடி பஞ்சு மாதிரி உறிஞ்சும், எதிர்பார்த்ததைவிட இருட்டாகத்தான் வரும்.

நீலம், ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெவலப்பர் கிடையாது, உலர்ந்த முடியில் நேரடியாகப் பூசி 30 நிமிடத்துக்கு மேல் விடலாம். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் லெவல் 7 போதும். நீலத்துக்கு 9 அல்லது 10 வேண்டும், மஞ்சள் மிச்சமிருந்தால் நீலம் பச்சையாகிவிடும். இளஞ்சிவப்பு அழகாக வெளிறும். நீலமும் பச்சையும் கறையாகத் தங்கி, அடுத்து என்ன போட்டாலும் எட்டிப்பார்க்கும். ‘கொஞ்ச நாளைக்கு ஜாலியாக’ என்பவர் இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். நீச்சல் குளத்தில் பொன்முடி பச்சையாவது குளோரினால் என்று நினைக்கிறார்கள்; அது தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு. இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொண்டால் உறிஞ்சுவது குறையும்.

மருதாணி, அவுரி, ‘இயற்கை’ டப்பாக்கள்

கலப்படமில்லாத மருதாணி ஒரே ஒரு நிறம்தான் தரும், ஆரஞ்சுச் சிவப்பு. நரையில் பளீரென்றும் கருமுடியில் வெயிலில் மட்டும் தெரியும் சாயலாகவும் இருக்கும். தோள் வரை முடிக்கு 200 கிராம் தூள், லேசாகப் புளிப்பான நீரில் குழைத்து 8 மணி நேரம் ஊறவைத்து, தலையில் 2 முதல் 4 மணி நேரம். அலசியதும் தெரியும் நிறத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், இரண்டு மூன்று நாளில் ஆழமாகும். கருப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசியபின் அவுரி. அவுரித்தூளை ஊறவைக்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் குழைத்து கால் மணி நேரத்தில் தலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் நிறம் செத்துவிடும். அவுரி போட்ட தலையைப் பிறகு பிளீச் செய்தால் பச்சை வரலாம் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். மருதாணிப் பாதை நல்ல பாதை, ஆனால் திரும்பி வருவது கடினம்.

‘கருப்பு மருதாணி’ என்று அரை மணி நேரத்தில் கருப்பாக்கும் பொட்டலம் இருந்தால் அதில் பிபிடி எனப்படும் பாரா-ஃபினிலின்டயமின் என்ற ரசாயனச் சாயப்பொருள் இருக்க வாய்ப்பு அதிகம், அட்டையில் பொருட்பட்டியலைப் படியுங்கள். தினமும் தடவினால் மெதுவாகக் கருக்கும் திரவங்கள் சிலவற்றில் உலோக உப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஈய அசிடேட்டை முடிச் சாயத்தில் அனுமதிப்பதை விலக்கிக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல் முடிவெடுத்தது. உலோக உப்பு படிந்த தலையில் பெராக்சைடு பட்டால் சூடேறிப் புகையும், முடி குழையும். என்ன போட்டிருந்தோம் என்று தெரியாதவர்களுக்கு ஸ்ட்ராண்ட் டெஸ்டை முதலில் வெட்டியெடுத்த கற்றையில் செய்யச் சொல்வது அதனால்தான். சூடானாலோ நிறம் விநோதமாக மாறினாலோ அந்த முடி வெட்டுப்பட்டுப் போகும் வரை பெராக்சைடு கூடாது.

ஒவ்வாமை

‘பத்து வருஷமா இதே டைதான், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும், மிக ஆபத்தான வாக்கியம். பிபிடி ஒவ்வாமை எந்தத் தடவை வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கினால் வாழ்நாள் முழுக்க இருக்கும். கையில் போட்ட தற்காலிகக் கருப்பு டாட்டூ ஒன்றே உடம்பைப் பழக்கிவிடப் போதும், பல வருஷம் கழித்து முதல் தடவை டை போடும்போது வெடிக்கும். அம்மோனியா இல்லை என்று எழுதியிருப்பதற்கும் பிபிடி இல்லை என்பதற்கும் சம்பந்தமில்லை. அம்மோனியாவுக்குப் பதில் எத்தனாலமின் இருக்கும், நிறம் தருவது அதே சரக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் அட்டையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பேட்ச் டெஸ்ட். டப்பாவில் சொன்னபடி துளி எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, தடிப்பு எதுவும் வந்தால் அந்த டப்பா குப்பைக்கு. டை போட்ட மறுநாள் இமையும் நெற்றியும் காதும் வீங்கினால் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சை. புருவத்துக்கும் இமைக்கும் தலை டையை வைக்கவே கூடாது, பார்வையே போகும் ஆபத்து உண்டு.

புற்றுநோய் பயம் பற்றி: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, முடி திருத்தும் தொழில் செய்வோர் வேலையில் எதிர்கொள்ளும் வேதிப்பொருள் தொடர்பை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. சொந்தத் தலைக்கு டை அடிப்பது மூன்றாவது பிரிவு, அதாவது வகைப்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லை. கையுறை விஷயத்தில் கலரிஸ்ட் கறாராக இருப்பது உங்களுக்காக மட்டுமல்ல. கீமோதெரபி முடிந்து புதுமுடி வளர்கிறவர்கள் சில மாதம் பொறுத்து, மருத்துவரைக் கேட்டு, மென்மையான நிறத்திலிருந்து தொடங்குவது நல்லது.

டையை விடுவது

நரையோடு இருந்துவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் இப்போது அதிகம். அதுவும் ஒரு நிற மாற்றம்தான், மற்ற எல்லாவற்றையும்விடப் பொறுமை கேட்பது. மாதத்துக்கு 1.25 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 30 சென்டிமீட்டர் முடி முழுக்க மாற இரண்டு வருஷம். முதல் நான்கு மாதம்தான் பெரிய சோதனை. கருப்புத் தலையில் வெள்ளைக்கோடு அகலமாகிக்கொண்டே போகும், பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். வெட்டிக் குட்டையாக்குவது நேர்வழி. நீளத்தை விட மனமில்லாதவர்கள் டை பட்ட பகுதியில் மெல்லிய இழைகளை மட்டும் வெளுத்து, வரும் நரையின் சாம்பல் சாயலுக்கு டோன் செய்துகொண்டால் கோடு கலைந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். ஒரே நாளில் தலை முழுக்கச் சாம்பல் நிறமாக்குகிறேன் என்பவரிடம், கருப்பு டையைத் தாண்டி 10 வரை எப்படித் தூக்குவீர்கள் என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

வந்த நரை மஞ்சளடிப்பது வழக்கமான புகார். புகை, தண்ணீரிலுள்ள தாது உப்பு, வெயில், சூடான கருவிகள் இவைதான் காரணம். வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் தலை கத்தரிப்பூ நிறமாகும். நிறமி இல்லாத முடிக்கு வெயிலைத் தடுக்கும் காப்பும் இல்லை, வெளியே போனால் தொப்பியோ துணியோ வேண்டும். ஸ்ட்ரெய்ட்னரை 180 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வெள்ளை முடி கருகினால் வரும் மஞ்சளை எந்த ஷாம்புவும் எடுக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.